குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

வெளிநாட்டுக்குக் குடிபோகும் நம்மவர் வீடுகளில், புறப்படுவதற்கு முன்னால் நடைபெறும் ஆலோசனைகளை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். புளி எவ்வளவு எடுத்துக்கொள்வது, பிரஷர் குக்கரை எந்தப் பெட்டியில் வைப்பது, குளிருக்கு எத்தனை கம்பளிச் சட்டை வேண்டும், அங்கே தேங்காய் கிடைக்குமா என்றெல்லாம் நெடுநேரம் பேசுவார்கள். சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பார்கள். அதிலிருந்து வீட்டு வாடகையைக் கழித்துப் பார்ப்பார்கள். ஆனால், "அங்கே குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?" என்ற கேள்வியை முதலிலேயே கேட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமற்போனதன் பலனை அனுபவித்த பிறகே அது எத்தனை பெரிய கேள்வி என்பது எனக்குப் புரிந்தது.

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்தைச் சேர்ந்த இளம் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். தாமும் கணவரும் இரண்டு குழந்தைகளோடு ஜெர்மனிக்குப் போகவிருப்பதாகச் சொல்லி, "அங்கே குழந்தைகள் காப்பகம் இலவசமாமே, உண்மைதானா?" என்று கேட்டார். விழாக் கூட்டத்தின் நடுவே ஒரு வார்த்தையில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. "சாவகாசமாக எழுதுகிறேன்" என்று சொல்லி வைத்தேன். அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் தில்லியில் லாஜ்பத் நகரில் குடியிருக்கிறது. என் கணவருக்கு 2022-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் மூன்றாண்டுக்கால ஆராய்ச்சி உத்தியோகம் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் புறப்பட்டோம். அப்போது என் மகளுக்கு நான்கு வயது. மகனுக்கு ஒன்றரை வயது. நான் ஒரு தனியார் காரியாலயத்தில் கணக்கராக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் சென்றேன். ஆனால் சென்ற ஒரு மாதத்திற்குள், பெர்லினில் ஒரு சம்பளத்தை வைத்துக்கொண்டு நால்வர் வாழ்வது எளிதன்று என்பது தெளிவாகிவிட்டது. சம்பளத்தில் ஏறக்குறையச் சரிபாதி வாடகைக்கே போயிற்று. அதிர்ஷ்டவசமாக ஒரு சிறு வணிக நிறுவனத்தில் எனக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பிப்ரவரி முதல் தேதி வந்து சேர வேண்டும் என்றார்கள். நானும் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். வீட்டுக்கு வந்து மகனைத் தூக்கிக்கொண்ட பிறகுதான், இவனை எங்கே விடுவது என்ற எண்ணம் எழுந்தது.

இலவசமா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி முழுவதிலும் இலவசம் என்று எண்ணிவிடலாகாது. காப்பகக் கட்டணத்தை அங்கே மாநிலங்களும் நகராட்சிகளும் தத்தமக்கு ஏற்றவாறு விதிக்கின்றன. ஓர் ஊரில் ஒன்றும் வாங்கமாட்டார்கள். மற்றோர் ஊரில் மாதம் பல நூறு யூரோ கேட்பார்கள். பெர்லின் நகரமே ஒரு மாநிலம். 2018 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கே காப்பகக் கட்டணம் நீக்கப்பட்டது. நாங்கள் இருந்தபோது மதிய உணவுக்கென்று குழந்தை ஒன்றுக்கு மாதம் 23 யூரோ செலுத்தினோம். அன்றியும், ஒரு வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து அந்நாடு முழுவதற்கும் சட்டமாக இருக்கிறது. 'கிட்டா' என்பது அந்தக் காப்பகத்திற்கு அவர்கள் வழங்கும் செல்லப் பெயர்.

சட்டம் இருக்கிறது; கட்டணமும் இல்லை. பிறகு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெர்லினில் முதலில் ஒரு சீட்டு வாங்க வேண்டும். வட்டாரத்திலுள்ள சிறார் நல அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதினால், உங்கள் குழந்தைக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் காப்பகத்தில் இருக்கத் தகுதி உண்டு என்பதைக் குறித்து ஒரு சீட்டு அனுப்புவார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதற்குச் சான்று காட்டினால் ஏழு மணி முதல் ஒன்பது மணி நேரம் வரை கிடைக்கும். குழந்தையைச் சேர்க்க விரும்பும் நாளுக்கு ஒன்பது மாதத்திற்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்திற்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். எங்களுக்குச் சீட்டு ஒழுங்காகவே வந்தது. ஆனால் சீட்டு வேறு, இடம் வேறு. ரேஷன் அட்டை கையில் இருந்தும் கடையில் மண்ணெண்ணெய் இல்லாத நாட்களை நம் முதியோர் அறிவார்கள். அதே நிலைமைதான். காப்பகங்களில் இடமில்லை, இடமிருந்தால் பார்த்துக்கொள்ள ஆசிரியைகள் இல்லை.

நாற்பத்தொரு காப்பகங்களுக்கு எழுதினேன். பெரும்பாலோர் பதிலே எழுதவில்லை. எழுதிய சிலரும் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டதாக அன்போடு தெரிவித்தார்கள். கர்ப்பமாயிருக்கும்போதே பெயரைப் பதிந்து வைக்கிறவர்கள் வாழும் ஊரில், ஒன்றரை வயதுப் பிள்ளையோடு போய் இறங்கிய நாங்கள் பட்டியலின் கடைசியில் நின்றோம். தனியாக ஒரு பெண்மணியை வீட்டிலேயே அமர்த்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2022 அக்டோபரிலிருந்து அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ. நாளைக்கு 8 மணி, மாதத்திற்கு 22 நாள் என்று வைத்துக்கொண்டால் 2,112 யூரோ ஆகிறது. வரி போக என் கைக்கு வரக்கூடிய சம்பளம் அதைவிடக் குறைவு. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

பாலர்களுக்கான பள்ளியை உலகுக்கு அளித்த நாடு அது. பிரோபெல் என்னும் பெரியார் 1837-இல் ஒரு சிற்றூரில் தம் பாலர் கூடத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயரிட்டார். அந்தப் பெயரைத்தான் இன்று நம் ஊர்த் தெருக்களிலும் 'கிண்டர்கார்ட்டன்' என்று எழுதி மாட்டியிருக்கிறோம். பெர்லினைத் தலைநகராகக் கொண்டிருந்த பிரஷ்ய அரசு 1851-இல் அந்தத் தோட்டங்களைத் தடை செய்து, 1860-இல்தான் அத்தடையை நீக்கியது. குழந்தையை வீட்டுக்கு வெளியே யார் வளர்ப்பது என்பது எந்த நாட்டிலும் எளிதில் தீர்ந்த விஷயம் அன்று என்று இதைப் படித்தபோது எண்ணிக்கொண்டேன். எங்கள் மாடிக்குக் கீழே குடியிருந்த முதிய பெண்மணி கிழக்கு பெர்லினில் பிறந்து வளர்ந்தவர். தம் தாயார் தொழிற்சாலைக்குப் போனதாகவும், தாம் கைக்குழந்தையாகவே காப்பகத்தில் வளர்ந்ததாகவும், அங்கே அது எல்லோருக்கும் வழக்கமாக இருந்ததாகவும் சொன்னார். நகரின் மேற்குப் பாதியிலோ தாய் வீட்டில் இருப்பதே வழக்கமாக இருந்ததாம். ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு விடைகள்.

நாங்களோ நம் நாட்டு விடையைத் தேடினோம். தென்காசியிலிருந்து என் மாமியாரை வரவழைத்தோம்.

இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. தில்லிக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை யாரேனும் எழுதினால், ரயிலேறி வந்த பாட்டிமார்களுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். பிரசவத்திற்கு வந்து, ஆறு மாதம் இருந்து, "இன்னும் ஒரு கோடை மட்டும்" என்று தங்கி, பேரன் பள்ளிக்கூடம் போகும்வரை ஊர் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! ஹிந்தி அறியாமல், அண்டை வீட்டாரோடு பேச வழியின்றி, நான்கு சுவர்களுக்குள் நம் குழந்தைகளை வளர்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள். நாம் உத்தியோகம் பார்த்ததும் வீடு வாங்கியதும் அவர்கள் முதுகின்மேல் ஏறி நின்றுதான்.

அத்தை நவம்பர் மத்தியில் வந்தார். சுற்றுலா விசாவில் வருகிறவர் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் அங்கே தங்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே பிப்ரவரி மத்தியில் அவர் திரும்பியாக வேண்டும். "தொண்ணூறு நாள் பாட்டி" என்று என் கணவர் வேடிக்கையாகச் சொல்லுவார். டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எழுபது வயதில் அந்த இருட்டில், சன்னலண்டை பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். வழுக்கும் பனியில் வெளியே போக அச்சம். முழங்கால் வலி வேறு. ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஒரு நாள் இரவு உணவின்போது காப்பகங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கு மூன்றாண்டு படிப்பு உண்டென்றும், மாதச் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் உண்டென்றும் சொன்னேன். அத்தை சற்று யோசித்தார். "நான் மூணு பிள்ளை வளர்த்தேன். அப்புறம் பெரியவன் பிள்ளைங்க ரெண்டு. இப்ப உன் பிள்ளைங்க. எனக்கு எத்தனை வருஷப் பென்ஷன் பாக்கி இருக்கும், சொல்லு. நீதான் கணக்கு எழுதுறவளாச்சே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் படுக்கப் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணிக்கு 12 யூரோ என்று அயலாளுக்குக் கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, அத்தைக்குக் கணக்குப் போட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஜனவரிக் கடைசியில் எங்களுக்கு வழி பிறந்தது. அதுவும் கீழ்வீட்டு அம்மையாரின் தயவால்தான். இரண்டு தெரு தள்ளி, பழைய கடை ஒன்றில் ஒரு சிறு காப்பகம் நடக்கிறதென்றும், ஒரு குடும்பம் ஊர் மாறிப் போவதால் அண்ணன் தங்கை இருவரின் இடங்கள் காலியாகின்றன என்றும் சொன்னார். 'கிண்டர்லாடன்' என்று அதற்குப் பெயர்; 'குழந்தைகள் கடை' என்று பொருள். 1968-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேற்கு பெர்லினில் இளம் பெற்றோர் சிலர், பெரிய அங்காடிகளின் வரவால் மூடிப்போன சிறு மளிகைக் கடைகளைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, தங்கள் குழந்தைகளைத் தாங்களே முறைவைத்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. இப்போது படித்த ஆசிரியைகள் சம்பளத்திற்கு இருக்கிறார்கள்; அரசு பணம் தருகிறது. ஆனாலும் சமையல், துப்புரவு, கணக்கு முதலிய வேலைகளைப் பெற்றோர்தாம் பகிர்ந்துகொள்கிறார்கள்.

எங்களைப் பரீட்சை செய்ய ஒரு மாலை அழைத்தார்கள். ஒரு முழம் உயரமுள்ள நாற்காலிகளில் பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உங்களால் என்ன செய்ய இயலும் என்று கேட்டார்கள். நான் கணக்கெழுதுவேன் என்றேன், முகங்கள் மலர்ந்தன. சமைப்பேன் என்றேன், இன்னும் மலர்ந்தன. இடம் கிடைத்துவிட்டது. பதினாறு குழந்தைகளுக்கு மாதம் இருமுறை நான் சமைத்தேன். சாம்பார் தோற்றது, எலுமிச்சைச் சாதம் வென்றது. முறை வரும் சனிக்கிழமைகளில் ஒரு வழக்கறிஞரும் நானும் கழிப்பறை கழுவினோம். தில்லியில் என் வீட்டுக் கழிப்பறையை நான் கழுவியது அரிது என்பதை அந்த வழக்கறிஞரிடம் நான் சொல்லவில்லை.

இடம் கிடைத்ததும் மறுநாளே குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்று எண்ணியிருந்தேன். அது நடவாது என்றார்கள். அங்கே 'பழக்கப்படுத்தும் காலம்' என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாட்கள் தாயோ தந்தையோ குழந்தையோடு அறையின் மூலையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இருவரும் வீடு திரும்பிவிட வேண்டும். நான்காம் நாள்தான், சொல்லிக்கொண்டு, சில நிமிஷ நேரம் வெளியே போகலாம். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக வந்தால் செவ்வாய்க்குத் தள்ளிவைப்பார்கள். இரண்டு நாள் வீட்டிலிருந்த குழந்தைக்குப் பிரிவு கடினம் என்பது காரணம். பிறகு அரைமணி, ஒரு மணி, மதிய உணவு வரை, தூக்கம் வரை என்று நீட்டிக்கொண்டே போவார்கள். குழந்தை அழுதால் ஆசிரியையின் கையில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். எங்களுக்கு நான்கு வாரம் ஆயிற்று. வேலை கொடுத்தவரிடம் மன்றாடி, மார்ச் முதல் தேதிக்கு நாள் வாங்கினேன். பிப்ரவரி மத்தியில் அத்தை ஊர் திரும்பினார்.

அந்த மூலையில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான், நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வேண்டிய செய்தி நிகழ்ந்தது.

என் மகள் ஒரு துணிப் பொம்மையை எடுத்து இடது இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, காலை மாற்றி மாற்றி வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகள் பொம்மையைத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் தள்ளினார்கள். ஆசிரியை அதைக் கவனித்து, "அழகாயிருக்கிறதே, இது உங்கள் பழக்கமா?" என்று கேட்டார். நான் அப்படி நின்றதில்லை. எங்கள் ஆயா நிற்பாள்.

நான் சொன்னேன்: இவளுக்கு ஒரு வயது முதல் நான்கு வயது வரை, நான் காரியாலயத்திலிருந்த பொழுதெல்லாம், ஒரு பெண்மணி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள் என்று. நல்லவளா என்று கேட்டார். தங்கமானவள் என்றேன். அவளுக்குக் குழந்தைகள் உண்டா என்றார். இரண்டு என்றேன்.

"அவள் உங்கள் வீட்டில் இருந்தபோது, அவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள்?"

அவர் குற்றம் சாட்டவில்லை. குழந்தைகளைப் பற்றி நாள் முழுவதும் பேசுகிற ஒருவர் இயல்பாகக் கேட்ட கேள்வி அது. எனக்கு விடை தெரியும். எந்த மொழியிலும் அதைச் சொல்ல நா எழவில்லை. "உறவினர்கள்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஆயா ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்கால் கரையிலிருந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதியில் வசித்தவள். பெற்றோர் விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம்மைப் போலவே தில்லிக்கு வந்தவர்கள். நமக்குக் கிடைத்த வசதிகள்தாம் கிடைக்கவில்லை. அவளுக்குப் பதினொரு வயதில் ஒரு பெண், இரண்டு வயதில் ஒரு பையன். ஒருநாள் மதியம், "உன் பெண் எந்த வகுப்பு?" என்று கேட்டேன். "நிறுத்திட்டேன்மா" என்றாள். ஏன் என்றேன். "அவ பள்ளிக்கூடம் போயிட்டா சின்னவனை யாரும்மா பாக்கிறது?" என்றாள். என் மகளுக்குச் சோறூட்டிக்கொண்டே சொன்னாள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதேனும் செய்ய வேண்டியிருக்கும் என்று அஞ்சினேனோ என்னவோ. மறுநாள் பழைய பாடப்புத்தகங்கள் சிலவற்றைக் கொடுத்தனுப்பினேன். அதோடு என் மனம் சமாதானமாகிவிட்டது.

நான் அவளுக்குக் கொடுத்த சம்பளம் மாதம் 7,000 ரூபாய். நாளைக்கு ஒன்பது மணி, மாதத்திற்கு 26 நாள். மணிக்கு 30 ரூபாய் கூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் குடியிருப்பில் அதுதான் வழக்கம் என்று நான் வாதாடலாம், அது உண்மையும்கூட. ஆனால் பெர்லினில் அந்த மூலையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. குழந்தை வளர்ப்பில் மலிவு என்று ஒன்று கிடையாது. நாம் கொடுக்காத விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெர்லினில் அதை ஊரார் எல்லோரும் வரியாகப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதை முழங்கால் வலியோடு அத்தை கொடுத்தார். தில்லியில் அதைக் கொடுத்தவள், நான் முகம் பார்த்தறியாத ஒரு பதினொரு வயதுச் சிறுமி. அவள் பள்ளிப் படிப்பை வைத்து நான் உத்தியோகம் பார்த்தேன்.

நம் நாட்டிலும் இதைப் பற்றிச் சிந்தித்தவர்கள் இல்லாமலில்லை. 1969-இல், காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி தில்லி ராஜ்காட்டில் கட்டடவேலை நடந்த இடத்தில், வேலைக்கு வந்த பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு மீரா மகாதேவன் அம்மையார் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்னும் நிறுவனம் அவ்வாறு பிறந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தால் அங்கன்வாடிகள் வந்தன. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விதித்தது; தாய் நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கவும் இடம் தந்தது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் நம் வீடு ஐம்பது பேர் வேலை செய்யும் இடம் அன்று. அங்கே வேலைக்கு வருகிறவள் ஒருத்தி. அவள் குழந்தையைப் பற்றிக் கேட்கிற சட்டம் எதுவும் நம் வாசற்படி ஏறி வருவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் தில்லி திரும்பினோம். முதல் வாரத்திலேயே ஜங்புராவுக்குப் போனேன். கேம்ப் அங்கே இல்லை. ஜூன் முதல் தேதி அதை இடித்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். ஆயினும் கண்ணால் காணும்வரை மனம் நம்பவில்லை. 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்கு, நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டென்று முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஆயா அவர்களில் ஒருத்தியோ, அல்லளோ, அறியேன். அவள் தந்திருந்த தொலைபேசி எண் இயங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன். "இங்கே எத்தனையோ ஆயாக்கள் இருந்தார்கள், எந்த ஆயா?" என்றார். மூன்றாண்டு என் வீட்டில் இருந்தவளின் கணவர் பெயர் கூட எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிறுமிக்கு இப்போது பதினாறு, பதினேழு வயதிருக்கும்.

இப்போது என் மகன் நண்பகல் வரை பாலர் பள்ளிக்குப் போகிறான். பிற்பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். அவள் வந்த முதல் நாளே, உன் குழந்தை எங்கே என்று கேட்டேன். மூன்று வயதுப் பெண்ணைப் பக்கத்துக் குடிசையில் விட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். அழைத்து வரச் சொன்னேன். இப்போது இரண்டு குழந்தைகளும் ஒரே தட்டிலிருந்து முறுக்குத் தின்கின்றன. ஒரே பொம்மைக்காகச் சண்டையும் போடுகின்றன. சம்பளத்தை மணிக்கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆறு ஆண்டு தாமதமாகச் செய்த காரியத்தில் பெருமைக்கு இடமில்லை.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வார நாட்களில் பகல் முழுவதும் நம் கூடம் பூட்டிக் கிடக்கிறது. அதில் ஓர் அறையை, நம் வீடுகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களின் குழந்தைகளுக்கும், உத்தியோகம் பார்க்கும் நம் இளந்தாய்மாரின் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரு காப்பகமாக்கலாகாதா? பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியைக்குச் சம்பளம் கொடுப்போம். மற்ற வேலைகளை முறைவைத்துச் செய்வோம். கணக்கை நான் எழுதுகிறேன். கழிப்பறை கழுவவும் எனக்கு இப்போது பழக்கம் உண்டு. இசைவுள்ள அன்பர்கள் ஆசிரியர் வாயிலாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பொங்கலன்று என்னைக் கேட்ட சகோதரிக்குச் சில வார்த்தைகள். நீங்கள் குடியேறப்போகும் ஊரின் கட்டணம் என்ன என்பதை முதலில் விசாரியுங்கள். வீட்டு விலாசம் கிடைத்தவுடனே காப்பகத்திற்கு விண்ணப்பியுங்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று காட்டாமல் 2020 மார்ச்சிலிருந்து அங்கே சேர்ப்பதில்லை. வேலைக்குச் சேரும் நாளைப் பழக்கப்படுத்தும் காலத்திற்குப் பிறகு வையுங்கள். பாட்டியை அழைப்பதானால் டிசம்பரில் அழைக்காதீர்கள். மே மாதத்தில் அழைத்துப் பூங்காக்களைக் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று. இங்கே உங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாளின் வீட்டுக்குப் புறப்படுமுன் ஒருமுறை போய் வாருங்கள். அவர் பிள்ளைகளைப் பாருங்கள். விலாசத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைக்கவில்லை.